மகசூல் என்ற இடத்தில் நாகவல்லி எழுதியது

அம்பத்தூர், மெட்ராஸ்-53
19-7-1992, ஞாயிறு

அன்பு மகள் ஞானகுமாரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறோம். நீ ஜூனில் எழுதிய கடிதமும் இந்த மாதம் ஐந்தாம் தேதி எழுதியதும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் தேய்த்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினால் பழையபடி ஆகிவிடுகிறது. தம்பி எட்மண்ட் ஆவடிக்கு அப்ரண்டிஸ் வேலைக்குப் போய் வருகிறான், காலை ஏழு மணி ரயிலைப் பிடிக்க அவன் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இதையெல்லாம் போன கடிதத்திலும் எழுதினேன், ஆனால் நீ இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். நாகவல்லி பிளஸ் டூ பாஸ் செய்தாளா, அக்ரி டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் போட்டாளா என்று கேட்டாய். போன லீவில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நீ, கேட்க உனக்கு உரிமை உண்டு. நீங்கள் எழுதாவிட்டால் நானே எழுதிவிடுவேன் என்று அம்மா நேற்று சொல்லிவிட்டாள். அவள் எழுதினால் என் பக்கம் கொஞ்சம் சாய்த்து எழுதுவாள், அதனால் நானே எழுதுகிறேன்.

நாகவல்லி பெயில். எழுத்துத் தேர்வில் எங்கள் விவசாயப் பிரிவிலேயே முதல் மார்க், செய்முறைத் தேர்வில் பாஸ் மார்க்குக்குப் பதினொன்று குறைவு. அதற்குக் காரணம் நான்தான். நான் இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறேன், இந்த மாதம் ஆறாம் தேதி உத்தரவு வந்தது. திடுக்கிடாதே, முழுதும் படி. பள்ளிக்கூடத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கிணறு இரண்டு மூன்று வருடமாகவே சரியில்லை. மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முலாம் பூசும் பட்டறை இருக்கிறது, அவன் கழிவை ஒரு பள்ளத்தில் விட்டுக்கொண்டிருந்தான், அது மெல்ல மெல்ல கிணற்றில் ஊறிவிட்டது. மேலாக எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு, வாளியை முகத்துக்கிட்டே கொண்டுபோனால் மூக்கில் ஏறும் ஒரு நெடி. எதை விதைத்தாலும் முளைக்கும், பத்து நாளில் இலை ஓரம் கருகி, அப்படியே தலை சாய்ந்துவிடும். தலைமையாசிரியர் லோகநாதனிடம் போய்ச் சொன்னேன். "சத்தியராஜ் சார், ரெண்டு கிளாஸ் ரூமும் பொம்பளப் பசங்களுக்கு பாத்ரூமும் கட்டிக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா, அந்தப் பட்டறைக்காரர்தானே, அதுவரைக்கும் நம்ம பசங்க எங்க போச்சுங்கன்னு நினைச்சிப் பாருங்க" என்றார். அது பொய் இல்லை ஞானம். அந்தப் பெண்கள் சுவருக்குப் பின்னால் ஒதுங்கப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். செடி வராத வருடத்தில் ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள், முந்தின செட்டு நோட்டைப் பார்த்து விதைத்த தேதி, உரம், பூச்சி, மகசூல் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் வருடம் அப்படிக் கொடுத்தபோது வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டேன், இரண்டாம் வருடம் சாத்தவில்லை.

இந்த செட்டில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தோரு பேர் அப்படித்தான் எழுதினார்கள். நாகவல்லி எழுதவில்லை. போன அக்டோபரில் அவளுடைய பாத்தியில் வெண்டை போட்டாள், இரண்டு வரிசை. ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குத் தெருமுனை அடிபம்பிலிருந்து தினமும் நாலு குடம் சுமந்து வந்து ஊற்றினாள். நான் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜனவரியில் நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டினாள். விதைத்த தேதி, முளைத்த தேதி, எத்தனையாவது நாள் எத்தனை இலை கருகியது, எத்தனை தடவை மறுபடி விதைத்தாள், அடிபம்பு வரிசையில் எத்தனை பறிப்பு, மொத்தம் இரண்டு கிலோ முன்னூறு கிராம், எல்லாம் தேதிவாரியாக இருந்தது. கிணற்று வரிசைக்கு மகசூல் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருந்தாள். பதினான்கு வருடமாக விவசாயம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பிள்ளை தானாக ஒரு சோதனையைச் செய்து முடித்து எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே பயம் வந்துவிட்டது. கூப்பிட்டு, மற்றவர்கள் மாதிரி ஒரு நோட்டு எழுதி வைத்துக்கொள் அம்மா, பரீட்சைக்கு வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது என்றேன். "இன்னொருக்கா எழுதுனா இது இன்னாத்துக்கு சார்" என்று கேட்டாள். கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். போ என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி செய்முறைத் தேர்வு. அதற்கு இரண்டு வாரம் முன்பாக லோகநாதன் பூந்தமல்லி ரோட்டில் ஒரு நர்சரியிலிருந்து கத்தரிச் செடிகளை வேரோடு எடுத்துவரச் சொல்லி எல்லாப் பாத்திகளிலும் நட வைத்தார், லாரியில் தண்ணீர் வந்தது. நாகவல்லி மட்டும் தன் பாத்தியில் நடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பரீட்சை அன்றைக்கு எல்லாப் பாத்தியும் பச்சை, அவளுடையதில் காய்ந்த வெண்டைத் தட்டை மட்டும் நின்றது. வெளித்தேர்வாளர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், தங்கவேல் என்று பெயர், கறாரான மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விதை அடையாளம், உரம் அடையாளம், தெளிப்பானைப் பிரித்து மாட்டுவது எல்லாவற்றிலும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, அவரே தலையை ஆட்டிக்கொண்டு மார்க் போட்டார். நோட்டைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. "மகசூல் இல்லையா? சாகுபடியே பண்ணாம கதை எழுதிக்கினு வந்திருக்கியா" என்றார். அவள் பயந்துகொண்டே, "பண்ணேன் சார், கிணத்துத் தண்ணி சரியில்ல சார், அதான் ஒரு வரிசைக்கு அடிபம்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன்" என்றாள். லோகநாதன் உடனே, "கிணத்துக்கு ஒரு கொறையும் இல்ல சார், இந்தப் பொண்ணு கொஞ்சம் அப்படித்தான்" என்றார். தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "அதே கிணத்துலதான் மத்த முப்பத்தோரு பேரும் கிலோ கணக்குல எடுத்ததா எழுதியிருக்காங்க. நீங்க சொல்லுங்க சார், தண்ணி நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார். தண்ணீர் கெட்டது என்றால் முப்பத்தோரு நோட்டும் பொய், அத்தனையிலும் என் கையெழுத்து. நல்லது என்றால் இந்த ஒரு பிள்ளை பொய். யோசிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அது நிஜமில்லை, நேரம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயால்கூடச் சொல்லவில்லை, ஆட்டினேன். அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்திக்கும் நோட்டுக்கும் சேர்த்து அவர் சுழி போட்டார். மார்க் பட்டியலில் அவர் கையெழுத்துக்குக் கீழே உள்தேர்வாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ரிசல்ட் வந்து ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா உனக்கு ஒரு வரி எழுதியிருந்தாளே, அது இதனால்தான். ஜூன் முதல் வாரத்தில் நாகவல்லி வீட்டுக்குப் போனேன். மண்ணூர்பேட்டையில் கம்பெனிகளுக்குப் பின்னால் அந்தச் சந்து, உனக்குத் தெரியும். அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் கம்பெனியில் பெருக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வா சார், குந்து சார், எங்க ஊட்டுக்கெல்லாம் வந்துகிற" என்று பாயைத் தட்டிப் போட்டாள். நான் மெதுவாக, நாகவல்லிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஆரம்பித்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிட்டாள். "நீ இன்னா சார் பண்ணுவ பாவம். பெரிய சார் என்ன இஸ்கூலுக்கே கூப்ட்டு அனுப்சாரு. உம்பொண்ணு செடியும் வெக்கல, பரிச்சைக்கு வந்தவரு கைல கிணறு மேல பழியப் போட்டு பொய்யி சொல்லிச்சின்னாரு. எங்கப்பன் ஆயி எல்லாம் சேத்துல நின்னவங்கோ, இது ஒரு வெண்டிக்காய வளக்கத் தெரியாம பொய்யி சொல்லிகினு வந்து நிக்கிது. போவட்டும் சார், எக்ஸ்போர்ட்டு கம்பெனில நூல் வெட்ற வேலைல சேத்துட்டேன்" என்றாள். நான் உட்கார்ந்திருந்தேன் ஞானம். அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். இல்லை அம்மா, உன் மகள் பொய் சொல்லவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும், சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். முதல் தடவை பயத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள், இந்தத் தடவை யார் என்னைப் பயமுறுத்தினார்கள்?

அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நாகவல்லியைப் பார்த்தேன். வேலை விட்டு வருகிற பெண்கள் கூட்டத்தில் நின்றாள், சட்டை முழுக்க நூல் பிசிறு. என்னைக் கண்டு ஒதுங்கவில்லை. அக்டோபரில் மறுபடி எழுதலாம், நானே ஃபீஸ் கட்டி அப்ளிகேஷன் போடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெயிலானது கூட போவுது சார். எங்கம்மா நான் பொய் சொன்னேன்னு நெனச்சிகினு கீது. தெருல எல்லார் கைலயும் சொல்லிகினு கீது. அத மட்டும் நீங்க வந்து சொல்லிடுங்க சார், போதும்" என்றாள். அப்போது பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேராக அங்கே போனேன். பஞ்சவர்ணத்தை வெளியே கூப்பிட்டு, நாகவல்லியும் நிற்க, அம்மா, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது உண்மை, உன் மகள் செடி வைத்தது உண்மை, குடம் சுமந்து வளர்த்தாள், எழுதினது எல்லாம் உண்மை, எல்லாம் தெரிந்த நான்தான் கேட்டபோது தலையாட்டி அவளைப் பொய்க்காரி ஆக்கினேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "அன்னிக்கி வெளக்கமாறு பிஞ்சி போற வரைக்கும் அட்ச்சேனே, அப்போகூட நீ நெஜந்தான் சொன்னியாடி" என்று கேட்டாள். பஞ்சவர்ணம் அங்கேயே வாசலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அங்கே நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றேன்.

திங்கட்கிழமை கல்வி அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதினேன். கிணறு கெட்டதை, நோட்டுகளைப் பார்த்து எழுதச் சொன்னது நான் என்பதை, பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை, நாகவல்லியின் நோட்டு ஒன்றுதான் உண்மையானது என்பதை, தேர்வாளர் கேட்டபோது நான் தலையாட்டியதை, ஒன்றையும் விடாமல் எழுதினேன். லோகநாதன் கூப்பிட்டு, "ஒரு பொண்ணுக்காக முப்பத்தோரு பசங்க தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே, அவங்க மார்க்க கேன்சல் பண்ணா என்ன பண்ணுவீங்க" என்றார். அது என் மனதிலும் அடித்துக்கொண்டே இருந்தது. மனோகரன் என்று ஒரு பையன் டிப்ளமோவில் இடம் வாங்கிவிட்டான், அவனுடைய அப்பா நம் வீட்டு கேட்டில் வந்து நின்று, "எம்புள்ள சீட்டு போச்சின்னா ஒன்ன சும்மா வுட மாட்டேன்யா" என்று சத்தம் போட்டார், எட்மண்ட் வெளியே போகாமல் நான் தடுத்துப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, வெளியான மார்க்குகளில் கை வைப்பதில்லை என்று பதில் வந்தது. அதே வரியில்தான் நாகவல்லியின் மார்க்கும் அடங்கிவிட்டது, மாற்ற முடியாது, வேண்டுமானால் அக்டோபரில் வேறு மையத்தில் எழுதலாமாம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்கு லீவு போட்டால் கம்பெனியில் ஆளை மாற்றிவிடுவார்களாம். கிணற்றிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனார்கள், என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லை, சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். இந்த வருடம் விவசாயப் பிரிவில் சேர்க்கை இல்லை, பாத்திகளை மண் அடித்து நிரவி சைக்கிள் நிறுத்த இடம் செய்கிறார்கள். பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மா என்னிடம், "அந்தப் பொண்ணுக்கு மார்க்கும் வரல, உங்க வேலையும் போச்சு, கிளாசும் போச்சு, இப்ப இத எழுதி யாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்டாள். எழுதவேண்டிய நாள் பிப்ரவரி இருபது, நான் ஜூனில் எழுதினேன் என்றேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் மேல் விசாரணை ஆகஸ்டு மூன்றாம் தேதி. கிணறு கெட்டது தமக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் சத்தியராஜ் செய்த வேலை என்று லோகநாதன் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதற்குச் சாட்சியாக நாகவல்லியின் பெயரைப் போட்டிருக்கிறார். அவளுக்கு ஓலை போயிருக்கிறது. புதன்கிழமை வேலை முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள். காகிதத்தை நீட்டி, "இதுல போயி இன்னா சார் சொல்றது? நோட்டப் பாத்து எழுத சொன்னத கேட்டா சொல்லணுமா? அன்னிக்கி நீங்க தலையாட்டுனதும் சொல்லணுமா?" என்று கேட்டாள். அம்மா காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அம்மாவின் முகம் எனக்குத் தெரியும், இந்தப் பெண் ஒரு வார்த்தை மென்று விழுங்கினால் நம் வீடு பிழைத்துக்கொள்ளும் என்று அந்த முகத்தில் இருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான், இரண்டையும் சொல் அம்மா என்றேன். "சொன்னா வேல பூடுமா சார்" என்றாள். போகலாம் என்றேன். காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு, "நான் சொல்லுவேன் சார்" என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, அப்படி ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, அக்கா எப்போது வருவார்கள் என்று உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனாள். பெரிய சார் பெயரும் அங்கே வருமா என்று நான் கேட்கவில்லை, அது அவள் பாடு, அவள் கண்டதை அவள் சொல்லட்டும்.

நீ இதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவேண்டாம், டூட்டியை மாற்றிக்கொண்டு கூடுதல் நேரம் பார்க்கவும் வேண்டாம், எட்மண்டும் நானும் பார்த்துக்கொள்வோம். உனக்கு ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தாய், மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு, ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் தன் மருந்தை மறக்கக்கூடாது. நாகவல்லியின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அவளுக்கு ஒரு கடிதம் போடு, பரிதாபப்பட்டு எழுதாதே, உன் தோழிக்கு எழுதுகிற மாதிரி எழுது. கர்த்தருடைய கரம் உன் போக்கிலும் வரத்திலும் உன்மேல் இருப்பதாக. அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள், தம்பி அன்பு சொல்கிறான். ஆகஸ்டு மூன்றாம் தேதி காலை ஜெபிக்கும்போது என் வேலைக்காகக் கேட்காதே மகளே. அந்தப் பெண் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை அந்த அறையில் ஒருவரும் குறுக்கே பேசாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
தே. சத்தியராஜ்